மூளைக்காய்ச்சல் மறுபடியும் வந்தால்: மண்டையோட்டின் அடித்தளத்தில் தேட வேண்டிய பிறவித் துளை

பாக்டீரியாவால் உண்டாகும் மூளைச்சவ்வு அழற்சி ஒரு குழந்தைக்கு முதல் முறை வரும்போது, உயிரைக் காப்பதே மருத்துவரின் முதன்மையான வேலை. குணமடைந்து வீடு திரும்பிய அதே குழந்தைக்கு அந்நோய் இரண்டாம் முறையும் வருமானால், உயிரைக் காப்பதோடு கிருமி எந்த வழியாக உள்ளே போனது என்பதையும் கண்டுபிடித்தாக வேண்டும். உடலமைப்பிலும் எதிர்ப்பாற்றலிலும் குறையில்லாத குழந்தைக்கு இந்நோய் திரும்ப வருவது மிக மிக அரிது. ஆகவே இரண்டாம் முறை வந்ததைக் கெட்ட நேரம் என்றோ, பிள்ளைக்குச் சத்துப் போதவில்லை என்றோ, மழையில் நனைந்ததால் வந்தது என்றோ விட்டுவிடக் கூடாது. அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களுள் கண்ணுக்குத் தெரியக்கூடியதும் கையால் அடைக்கக்கூடியதுமான ஒன்று, மண்டையோட்டின் அடித்தளத்தில் பிறவியிலேயே அமைந்துவிட்ட துளை.

நம் ஊரில் பொதுவாக மூளைக்காய்ச்சல் என்று சொல்லப்படும் நோய்களில் மூளைச்சவ்வு அழற்சியும் ஒன்று. மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று சவ்வுகள் போர்த்தியிருக்கின்றன. அவற்றுள் உள்ளிரண்டு சவ்வுகளுக்கு இடையே தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் மூளைத்தண்டுவட நீர் இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரந்து, பழையது இரத்தத்தில் கலந்துவிடும். இந்த நீரில் கிருமி எதுவும் இருக்கக் கூடாது. கிருமியை எதிர்க்கும் அணுக்களும் எதிர்ப்புரதங்களும் இரத்தத்தில் இருக்கும் அளவுக்கு இதில் இல்லை என்பதால், உள்ளே நுழைந்துவிட்ட பாக்டீரியா வெகு விரைவில் பெருகுகிறது. காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, மயக்கம், வலிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். கைக்குழந்தையாக இருந்தால் பால் குடிக்க மறுப்பதும், ஓயாத அழுகையும், உச்சிக்குழி புடைத்து நிற்பதும் மட்டுமே தெரியலாம்.

மூளை அமர்ந்திருக்கும் எலும்புத் தளத்தை மண்டையோட்டின் அடித்தளம் என்கிறோம். அதன் மேற்புறம் கிருமியற்ற மூளை நீர். கீழ்ப்புறம் மூக்கு, மூக்கைச் சுற்றிய காற்றறைகள், நடுச்செவி. மூக்கின் பின்புறத் தொண்டையில் நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் பல குழந்தைகளிடம் தீங்கேதும் செய்யாமல் குடியிருக்கின்றன. இவ்விரு உலகங்களையும் பிரிக்கும் எலும்பு சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது. அதன் மேல் மூளையின் வெளிச்சவ்வு ஒட்டியிருப்பதாலேயே அது முழுத் தடையாக நிற்கிறது. எலும்பிலும் சவ்விலும் ஒரே இடத்தில் இடைவெளி இருந்துவிட்டால் மூளை நீர் கீழே கசியலாம், கிருமி மேலே ஏறலாம். நீர் கசிவதே வெளியில் தெரியாமல் கிருமி மட்டும் ஏறுவதும் உண்டு. இந்நோயைக் கண்டுபிடிப்பதில் நேரும் காலதாமதத்திற்கு இதுவே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

இத்தகைய இடைவெளி ஏன் உண்டாகிறது? கருவுற்ற நான்காம் வாரம் முடிவதற்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. அதன் பிறகு, குருத்தெலும்பாக உருவாகும் அடித்தளம் பல மையங்களிலிருந்து எலும்பாக மாறி ஒன்றோடொன்று பொருந்துகிறது. நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்வதற்கான வழிகள் அதில் விடப்பட வேண்டும். கருவில் மட்டும் தேவைப்பட்ட சில வழிகள் பிறப்பதற்குள் அடைபடவும் வேண்டும். இந்த நீண்ட வேலையில் எங்கேனும் ஒரு பொருத்து சேராமலோ, அடைபட வேண்டிய வழி ஒன்று அடைபடாமலோ போகலாம். தாய் கருவுற்றிருந்தபோது எதைத் தின்றாள், எங்கே நடந்தாள், கிரகணத்தன்று என்ன செய்தாள் என்று விசாரிப்பதில் பொருளே இல்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் வேளையில் அந்தத் தாயின் மேல் உறவினர் சுமத்தும் பழி அவளைப் படுத்தும் பாடு சிறிதன்று.

துளை அமையும் இடங்களில் முதலாவது மூக்கின் கூரை. மண உணர்வு நரம்புகள் இறங்கி வரும் சல்லடைத் தட்டு என்னும் எலும்பும் அதன் சுற்றுப்புறமும் இயல்பாகவே மெலிந்தவை. இங்குள்ள இடைவெளி பெரிதாக இருந்தால் மூளைச்சவ்வும், சில வேளைகளில் மூளைத் திசுவின் ஒரு பகுதியும் மூக்கிற்குள் பிதுங்கி இறங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மூக்கில் வளர்ந்த சதையாகவே தோன்றும். சிறு குழந்தைக்கு மூக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் சதை தெரிந்தால், ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அதைக் கிள்ளிப் பரிசோதிக்கவோ வெட்டவோ கூடாது என்பது காது மூக்கு தொண்டை மருத்துவத்தின் உறுதியான விதிகளுள் ஒன்று. வெட்டப்படுவது மூளையின் பகுதியாக இருந்துவிடலாம். அழும்போது அந்தச் சதை பெரிதாவதும், மூக்கின் அடிப்பகுதி அகன்றிருப்பதும், இரு கண்களுக்கும் இடையே இடைவெளி மிகுந்திருப்பதும் ஐயத்தைக் கூட்டும் குறிகள். மூக்கிற்குப் பின்னால் ஆழத்தில், மண்டையோட்டின் நடுவிலுள்ள எலும்பிலும் இத்தகைய துளைகள் அமைவதுண்டு, அவை அரியவை.

இரண்டாவது இடம் காது. இங்கே சற்று நின்று விளக்க வேண்டும், ஏனெனில் எளிதில் தவறவிடப்படும் இடம் இதுதான். உள்செவியில் ஒலியை உணரும் உறுப்பு நத்தை ஓட்டைப் போல் இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும். கருவின் ஏழாம் வாரத்தை ஒட்டி அதன் வளர்ச்சி தடைபட்டால் ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிடும். மேற்பகுதியில் உள்தடுப்புகளும் அமையாது. கார்லோ மோண்டினி என்னும் இத்தாலிய உடற்கூற்றியலார், காது கேளாத எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தபின் அவனுடைய செவியெலும்பை ஆராய்ந்து 1791இல் இதை விவரித்ததால், இக்குறைபாடு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சுருளின் நடுத்தண்டு அறவே உருவாகாத வேறு வகைகளும் உண்டு. அவற்றில் ஆபத்து இன்னும் கூடுதல். மூளையிலிருந்து கேட்கும் நரம்பு வரும் எலும்புக் கால்வாய்க்கும் உள்செவிக்கும் இடையே இருக்க வேண்டிய தடுப்பு இக்குழந்தைகளுக்குச் சரியாக அமைவதில்லை. ஆகவே மூளை நீர் நேராக உள்செவிக்குள் வந்து, அங்கிருந்து அங்கவடி என்னும் சிற்றெலும்பின் அடித்தட்டில் உள்ள பலவீனமான இடத்தின் வழியாக நடுச்செவிக்குள் கசிகிறது.

செவிப்பறையில் ஓட்டை இல்லாதவரை அந்த நீர் காதுக்கு வெளியே வராது. நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழல் வழியாக இறங்கி மூக்கில் ஒழுகும், அல்லது தொண்டைக்குள் விழுங்கப்பட்டு யார் கண்ணிலும் படாமலே போகும். ஓட்டு வீட்டில் மழை நீர் ஒழுகும் இடம் ஒன்றாகவும் ஓடு உடைந்த இடம் வேறாகவும் இருப்பதைப் போல, மூக்கில் நீர் வடிந்தாலும் துளை காதில் இருக்கலாம். மூக்கை மட்டும் ஆராய்ந்து ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட குழந்தைக்குச் செவியெலும்பையும் ஆராய்ந்தாக வேண்டும் என்பது இதனால்தான். நடுச்செவியில் தேங்கிய இந்த நீரைச் சளி நீர் என்று எண்ணிச் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தப் போய், கீறிய உடனே தெளிந்த நீர் நிற்காமல் கொட்டியதால் உண்மை வெளிப்பட்ட குழந்தைகளும் உண்டு.

இக்குழந்தைகளுக்கு அந்தக் காது பிறவியிலேயே கேட்காது, அல்லது மிகக் குறைவாகவே கேட்கும். ஆனால் மறு காது நன்றாகக் கேட்பதால் பேச்சு உரிய வயதில் வந்துவிடும், கூப்பிட்டால் திரும்பும், பள்ளியிலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். துபாயிலிருந்து அப்பா பேசும்போது கைபேசியை எப்போதும் ஒரே காதில் மட்டும் வைத்துக்கொள்வதும், மறு பக்கம் மாற்றி வைத்தால் உடனே பழைய பக்கத்திற்குக் கொண்டு போவதும், பின்னாலிருந்து அழைத்தால் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் தலையை இருபுறமும் திருப்புவதும் வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கக்கூடியவை.

இந்த இடத்தில்தான் மருத்துவர்களும் ஏமாறக்கூடிய ஒரு பொறி இருக்கிறது. பாக்டீரியா மூளைச்சவ்வு அழற்சி, குறிப்பாக நியூமோகாக்கஸால் வருவது, கேட்கும் திறனைக் கெடுக்கவல்லது. ஆதலால் நோய்க்குப் பிறகு கேட்கும் திறனைச் சோதிப்பது கட்டாயம். அப்படிச் சோதித்து ஒரு காது கேட்கவில்லை என்று தெரிந்தால், காய்ச்சலால் காது போய்விட்டது என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. அந்தக் காது காய்ச்சலுக்கு முன்பே கேட்காமல் இருந்ததா என்ற கேள்வியைக் கேட்டால் கதையே மாறிவிடும். விளைவு என்று எண்ணப்பட்டது காரணத்தின் அடையாளமாக இருக்கலாம். மூளைச்சவ்வு அழற்சி வந்த குழந்தைக்கு ஒரு காது மட்டும் முற்றிலும் கேட்கவில்லை என்றால், இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திராமல் முதல் முறையிலேயே செவியெலும்புக்கு நுண்ணிய சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே முறை என்பது என் உறுதியான எண்ணம்.

மண்டையோட்டின் அடித்தளத்தைச் சேராவிட்டாலும் இதே வேலையைச் செய்யும் இன்னொரு பிறவிக் குறையையும் சொல்லிவிட வேண்டும். மூக்குத் தண்டின் மேல், பின்மண்டையின் நடுக்கோட்டில், அல்லது முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி முனையளவு குழியொன்றும் அதில் ஓரிரு முடிகளும் இருக்கலாம். அது தோலிலிருந்து உட்புறம் வரை செல்லும் குழாயின் வாய். புட்டப் பிளவுக்குள்ளேயே அமையும் சிறு குழி பெரும்பாலும் தீங்கற்றது. அதற்கு மேலே, முதுகின் நடுக்கோட்டில் இருப்பதே கவனத்துக்குரியது. குழந்தையைத் தலைமுதல் முதுகுவரை ஆடை களைந்து நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் போதும்; செலவில்லாத பரிசோதனை இது.

எந்தக் கிருமி வந்தது என்பதும் வழியைச் சுட்டும். மண்டையோட்டின் அடித்தளத் துளை வழியாக ஏறுவது பெரும்பாலும் நியூமோகாக்கஸ். முதுகுக் குழாய் வழியாக வருவது தோலிலும் மலத்திலும் உள்ள ஸ்டஃபைலோகாக்கஸ், ஈ.கோலி போன்றவை. மெனிங்கோகாக்கஸ் திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்னும் எதிர்ப்புப் புரதத் தொகுதியில் குறையிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2008இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுரை, அதுவரை பதிவான 363 குழந்தைகளையும் பெரியவர்களையும் திரட்டிப் பார்த்தபோது, மீண்டும் மீண்டும் வந்த பாக்டீரியா மூளைச்சவ்வு அழற்சிக்கு 59 விழுக்காட்டினரில் உடலமைப்புக் குறைபாடும் 36 விழுக்காட்டினரில் எதிர்ப்பாற்றல் குறைபாடும் காரணமாக இருந்ததைக் கண்டது. ஆகவே துளையைத் தேடும்போதே எதிர்ப்புரத அளவு, மண்ணீரல் ஆகியவற்றையும் சோதிப்பார்கள். முன்பு எப்போதாவது தலையில் பலத்த அடிபட்டதா என்றும் கேட்பார்கள். விபத்தில் விரிசல் கண்ட எலும்பு ஆண்டுகள் கழித்தும் வழி விடலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தத் தேடலுக்கு இரண்டு தடைகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. முதலாவது, கோப்பு ஓரிடத்தில் சேராமல் இருப்பது. முதல் முறை காய்ச்சல் வந்தபோது மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு தனியார் மருத்துவமனை, அடுத்த முறை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி, பின்பு யாரோ சொன்னார்கள் என்று திருவனந்தபுரம் அல்லது திருநெல்வேலி என்று குடும்பங்கள் அலைகின்றன. ஒவ்வொரு இடத்திலும் அது முதல் முறையாகவே பதிவாகிறது. வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்கத் தாளில் மூளை நீரில் எத்தனை வெள்ளணுக்கள், சர்க்கரை எவ்வளவு, எந்தக் கிருமி வளர்ந்தது, எந்த மருந்து எத்தனை நாள் என்பவை எழுதப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் நனையாமல் நெகிழி உறையில் போட்டு, குடும்ப அட்டையோடு வைத்துக் காக்க வேண்டிய தாள் அது. இரண்டாவது தாக்குதல் வேறு கிருமியால் வந்ததா, அல்லது அதே கிருமி சிகிச்சை முடிந்து மூன்று வாரங்களுக்கு மேல் கழிந்தபின் வந்ததா என்பதைக் கொண்டே மீண்டும் வந்த நோய் என்று மருத்துவர் முடிவு செய்கிறார். முந்தைய தாள் இல்லாமல் அவரால் அதைச் சொல்ல முடியாது.

இரண்டாவது தடை, மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக். இரண்டு மூன்று வேளை கொடுத்தபின் மருத்துவமனைக்கு வரும் குழந்தையின் மூளை நீரில் கிருமி வளராமல் போகலாம். அப்போது வைரஸ் காய்ச்சலா, காசநோய் வகையா என்ற குழப்பம் தோன்றி, இருந்த ஒரு தடயமும் அழிந்துவிடுகிறது. முதுகிலிருந்து நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்ற அச்சமும் இன்னும் பலரிடம் உள்ளது. ஊசி செலுத்தப்படுவது தண்டுவடம் முடிந்த இடத்திற்குக் கீழே ஆகையால் தண்டுவடம் அதில் குத்துப்படுவதில்லை. இரண்டு நாள் முதுகு வலியோ தலைவலியோ இருக்கலாம். அதற்கு அஞ்சி இந்தப் பரிசோதனையை மறுத்துவிடாதீர்கள்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டம் ஆதலால் குழந்தைகளுக்கு மூக்கொழுகுவது இங்கே யாருக்கும் புதுமையாகத் தோன்றாது. நீர்க்கோவை என்று ஆவி பிடித்து, சுக்குக் கஷாயம் கொடுத்து விட்டுவிடுவார்கள். ஆனால் மூளை நீர்க் கசிவுக்கு அடையாளங்கள் உண்டு. பெரும்பாலும் ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் வரும். சளியைப் போல் இழுபடாது, கைக்குட்டையில் காய்ந்தபின் விறைப்பாகாது. குனிந்து எழுதும்போதோ செருப்பின் வாரை மாட்டும்போதோ சொட்டும். "பிள்ளைக்கு மூக்கிலிருந்து பச்சத் தண்ணியா வடியுது" என்று ஒரு தாய் சொன்னால், அந்தச் சொல்லுக்கு மருத்துவர் முழு மதிப்பளிக்க வேண்டும். குழந்தையை முன்னோக்கிக் குனியவைத்து, வடியும் சொட்டுகளைச் சுத்தமான சிறு குப்பியில் பிடித்தால் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் உள்ளதா என்று ஆய்வகத்தில் பார்க்கலாம். மூளை நீரிலும் உள்செவி நீரிலும் இருக்கும் இப்புரதம் சளியிலோ கண்ணீரிலோ காணப்படுவதில்லை என்பதால், இருந்தால் ஏறத்தாழ ஐயமற்ற விடை கிடைத்துவிடும். சர்க்கரை அளக்கும் பட்டையை நனைத்துப் பார்ப்பது முன்பு வழக்கத்தில் இருந்தது. சளியிலும் சர்க்கரை தென்படலாம் ஆதலால் அதை நம்ப முடியாது.

கசிவு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அடுத்த படி ஸ்கேன். எலும்பின் இடைவெளியைக் காண மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளிகளில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனும், அதன் வழியே பிதுங்கியிருப்பது நீரா சவ்வா மூளையா என்று அறிய எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தேவை. வலிப்பு வந்த அன்று அவசரமாக எடுக்கப்பட்ட சாதாரண மூளை சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தது இதற்கு விடையாகாது. அந்தப் படத்தில் இவ்வளவு சிறிய துளை தெரியாது. கைக்குழந்தைகளில் இன்னொரு சிக்கல்: மூக்கின் கூரை பிறக்கும்போது இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால், சி.டி. ஸ்கேனில் இல்லாத ஓட்டை இருப்பதுபோல் தோன்றலாம். குழந்தைகளின் படங்களைப் பார்த்துப் பழகிய கதிரியக்க மருத்துவர் இதைப் பார்ப்பது நல்லது.

முதலில் நரம்பு வழியாகச் செலுத்தப்படும் ஆன்டிபயாடிக் மருந்துகளால் நோயை முழுவதுமாகக் குணப்படுத்துவார்கள். நியூமோகாக்கஸாக இருந்தால் பொதுவாக 10 முதல் 14 நாட்கள். அதன் பிறகு துளையை அடைப்பதே உண்மையான சிகிச்சை. துளை தானாக மூடிவிடும் என்று காத்திருப்பதும், நாள்தோறும் மாத்திரை கொடுத்து அடுத்த தாக்குதலைத் தடுக்கலாம் என்று நம்புவதும் பலன் தந்ததாக நிறுவப்படவில்லை. ஒவ்வொரு தாக்குதலும் உயிரையோ, கேட்கும் திறனையோ, அறிவு வளர்ச்சியையோ பறிக்கக்கூடியது என்பதால் காத்திருப்பில் இலாபமில்லை. மூக்கின் கூரையிலுள்ள துளைகளை இப்போது பெரும்பாலும் மூக்கின் வழியாகவே எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி, தொடையின் தசையுறை, கொழுப்பு, மூக்கின் உட்புறச் சவ்வு ஆகியவற்றால் அடுக்கடுக்காக அடைக்கிறார்கள். முகத்தில் கீறல் இராது. பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு முதல் முயற்சியிலேயே அடைபட்டுவிடுகிறது. காதில் துளை இருந்தால் நடுச்செவியைத் திறந்து, தேவையானால் அங்கவடி எலும்பை எடுத்துவிட்டு, உள்செவியின் வாயைத் தசையாலும் தசையுறையாலும் அடைப்பார்கள். அந்தக் காது ஏற்கெனவே கேட்காததாக இருந்தால் இதனால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அறுவைக்குப் பின் சில வாரங்கள் மூக்கைச் சிந்தாமலும், முக்காமலும், மலச்சிக்கல் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசி துளையை அடைக்காது. ஆனால் அதன் வழியே ஏறக்கூடிய கிருமிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021இல் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டு, ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று முறை ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைகள் பலருக்கு இது போடப்பட்டிருக்காது. தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். துளை இருப்பதாகத் தெரிந்த குழந்தைக்கும், காது கேட்பதற்காக உள்செவிக் கருவி பொருத்தப்படவுள்ள குழந்தைக்கும், இரண்டு வயதுக்குமேல் கூடுதல் கிருமி வகைகளைத் தடுக்கும் இன்னொரு நியூமோகாக்கஸ் ஊசியையும் மருத்துவர் பரிந்துரைப்பார்.

கேரளத்தில் 2024இல் அமீபாவால் வந்த மூளைக்காய்ச்சல் பற்றிய செய்திகளுக்குப் பிறகு, குளத்தில் குளித்ததால்தான் பிள்ளைக்கு இது திரும்ப வந்ததா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அது வேறு நோய். ஒரே தாக்குதலில் சில நாட்களுக்குள் உயிரைக் கவ்விக்கொள்வது, மாதக்கணக்கில் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவதில்லை. எனினும் அடித்தளத்தில் துளை இருப்பதாகத் தெரிந்த குழந்தை, அது அடைபடும்வரை மூக்கில் நீர் ஏறும்படி குளத்தில் குதிக்காமல் இருப்பதே பாதுகாப்பு. அத்தகைய குழந்தைக்கு வேறு எந்தக் காரணத்திற்காகவும் மூக்கு வழியாகக் குழாய் செலுத்த நேர்ந்தால், துளையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடைத்த பிறகும் முதல் சில ஆண்டுகளுக்குக் காய்ச்சலோடு தலைவலியோ வாந்தியோ வந்தால், மருந்துக் கடைக்குப் போகாமல் பழைய தாள்களை எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரிதாக அடைப்பு விலகுவதும், முதலில் கண்ணில் படாத இரண்டாவது துளை மறு காதில் இருப்பதும் உண்டு.